வாடாக் கொடியும் புனையா ஓவியமும்: நெடுநல்வாடை அரண்மனைச் சுவரோவியம் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

சங்க இலக்கியத்தில் ஓவியம் பற்றிய குறிப்புகள் பலவாகக் காணப்படுகின்றன. பரிபாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் பேசப்படுகிறது. புறநானூற்றில் சித்திரமாடத்தில் துஞ்சியதனாலேயே பெயர் பெற்ற பாண்டியன் ஒருவன் இடம்பெறுகிறான். நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவர் ஒன்றின் மேல் பூங்கொடி எழுதப்பட்டிருந்த செய்தி கூறப்படுகிறது. இக்குறிப்புகள் யாவும் பண்டைத் தமிழர் ஓவியக்கலையில் பெற்றிருந்த தேர்ச்சிக்குச் சான்றுகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' (1956) தொடங்கிக் கலை வரலாறு எழுதியோர் இப்பணியைச் செவ்வனே செய்துள்ளனர்.

ஆயினும் இத்தகைய தொகுப்பு முயற்சியில் ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. பாடலுக்குள் ஒரு பொருளோடு நின்ற ஓவியம், பாடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் பட்டியலில் ஓர் எண்ணாக மாறிவிட்டது. சங்ககால அரண்மனைச் சுவர் எதுவும் தன் ஓவியத்தோடு இன்று எஞ்சி நிற்கவில்லை. அந்நிலையில் சொல்லில் மட்டுமே வாழும் ஓர் ஓவியத்தை, அது வாழும் சொற்சூழலிலிருந்து பிரித்துக் காண்பது முறையாகுமா என்னும் வினா எழுகிறது. நெடுநல்வாடையின் பூங்கொடி ஓவியம் அப்பாட்டின் பொருளமைப்பில் பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பாட்டின் அமைப்பும் ஓவியத்தின் இடமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்ட அகவற்பாட்டு, நக்கீரர் இயற்றியது. 1889ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பின்னரே இது பரவலான வாசிப்புக்கு வந்தது. தலைவனைப் பிரிந்த அரசிக்கு நெடிதாகவும், போர்வினையில் நிற்கும் அரசனுக்கு நல்லதாகவும் அமைந்த வாடை என்பது பெயருக்குக் கூறப்படும் விளக்கமாகும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனே பாட்டின் தலைவன் என்பது மரபு.

பாட்டின் நகர்வு வெளியிலிருந்து உள்நோக்கியதாக அமைந்துள்ளது. மழை பெய்து குளிர்ந்த முல்லைநிலம் முதலில் காட்டப்படுகிறது. பின்னர் ஊர், தெரு, மனை, அரண்மனை வாயில், முற்றம் எனப் பார்வை படிப்படியாகச் சுருங்குகிறது. இறுதியில் அரசன் ஒருவனையன்றி வேறு ஆடவர் எவரும் அணுக இயலாத உள்ளறைக்குள் அது நுழைகிறது. அங்குக் கட்டிலும், கட்டிலில் அரசியும், அரசிக்கு மேலே விதானமும் காட்டப்படுகின்றன. அதன் பிறகு பாட்டு ஒரே தாவலாகப் போர்ப்பாசறைக்குச் சென்று முடிகிறது.

சுவரோவியம் இடம்பெறுவது இந்த உள்நோக்கிய பயணம் நிறைவெய்தும் இடத்தில், கட்டிலைக் காட்டுவதற்குச் சற்று முன்னர் (110-114). அரண்மனையின் பொதுச்சிறப்பைக் கூறும் பகுதியில் நக்கீரர் இவ்வோவியத்தை வைக்கவில்லை. அரசி இருக்கும் அறையின் சுவரிலேயே வைக்கிறார். இந்த இடத்தேர்வு கருதத்தக்கது.

2. கொடி படர்ந்த சுவர்

அவ்வடிகள் தரும் செய்தி சுருக்கமானது. வெள்ளியைப் போல ஒளிரும் சுண்ணச்சாந்து பூசப்பட்டுள்ளது. நீலமணியைக் கண்டாற்போலக் கருமையும் திரட்சியும் கொண்ட வலிய தூண்கள் நிற்கின்றன. செம்பினால் செய்தாற்போன்ற நெடுஞ்சுவர்கள் சூழ்ந்துள்ளன. அச்சுவரில் அழகிய பல பூக்களையுடைய ஒரு கொடி வளைய எழுதப்பட்டுள்ளது. அவ்வறை கருவின் பெயரால் வழங்கும் நல்ல இல்லமாகும்.

இவ்விவரிப்பில் உவமைகளின் வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. சாந்துக்கு வெள்ளி, தூணுக்கு மணி, சுவருக்குச் செம்பு என மூன்றும் மண்ணிலிருந்து அகழ்ந்தெடுக்கப்படும் உயிரற்ற பொருள்கள். இவற்றின் விலைமதிப்பு அரசச் செல்வத்தைக் காட்டுகிறது. அதே வேளையில் இவை வளராதவை, வாடாதவை, பூக்காதவை. இம்மூன்றையும் அடுக்கிய பின்னரே கொடி வருகிறது. வளர்தலை இயல்பாகக் கொண்ட ஓர் உயிர், வளர்ச்சியறியாத பரப்பின் மேல் படர்கிறது. ஆனால் அக்கொடிக்கு மட்டும் உவமை எதுவும் தரப்படவில்லை. சுவரும் தூணும் வேறொன்றைப் போன்று இருக்க, எழுதப்பட்ட கொடியோ கொடியாகவே நிற்கிறது. அது ஓவியம் என்பதைக்கூட நக்கீரர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சுவரை வளைந்தது என்று மட்டும் கூறுகிறார். ஓவியம் என்பது இடத்தால் உணரப்படுகிறது.

'கொடி' என்னும் சொல் இவ்விடத்திற்குச் சற்று முன்னரும் வந்துள்ளது. மலைபோன்று தோன்றும் மாடங்களின் மேல் பல நிறக் கொடிகள் வானவில் கிடந்தாற்போலக் காட்சியளிப்பதாகப் பாட்டு கூறுகிறது. அங்குக் கொடி என்பது துணிக்கொடி. சில அடிகளுக்குள் ஒரே சொல் இரு பொருளில் ஆளப்பட்டுள்ளது. மாடத்தின் புறத்தே நிற்கும் கொடி, காற்று அசைக்க அசைவது. அரசனின் பெருமையை உலகுக்கு அறிவிப்பது. அகத்தே சுவரில் படர்ந்த கொடி, எந்தக் காற்றும் தீண்டாதது; அரசி ஒருத்தியைச் சூழ்ந்து கிடப்பது.

3. புதலில் பூத்த கொடியும் சுவரில் பூத்த கொடியும்

நெடுநல்வாடையில் பூங்கொடி முதன்முதலாகத் தோன்றுவது அரண்மனையில் அன்று. பாட்டின் தொடக்கத்திலேயே, மழை பெய்த நிலத்தில் முசுண்டைக் கொடியின் வெண்ணிறப் பூக்களும் பீர்க்கின் பொன்னிறப் பூக்களும் புதர்தோறும் மலர்ந்திருக்கின்றன. பாட்டைத் தொடர்ந்து வாசிப்போர், சுவரோவியத்தை எட்டும்போது ஏற்கெனவே உயிருள்ள கொடிகளைக் கண்டு வந்தவராகவே இருப்பர். இவ்விரு காட்சிகளையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

புதரில் மலர்ந்த பீர்க்கம்பூவுக்குப் பொன் உவமையாகிறது. அதாவது, உயிருள்ள பூ உலோகத்தோடு ஒப்பிடப்படுகிறது. அரண்மனையில் இம்முறை தலைகீழாகிறது. உலோகம்போன்ற சுவர் பூவைத் தாங்கி நிற்கிறது. புறத்தே பூ பொன்னாகிறது. அகத்தே செம்பு பூக்கிறது. ஏழை எளியோர் வாழும் நிலத்தில் வாடையோடு இயல்பாக வந்த செல்வத்தை, அரண்மனை தன் கைவினையால் நிலைப்படுத்திக்கொள்ள முயல்கிறது எனலாம்.

பீர்க்கம்பூவுக்குச் சங்க மரபில் வேறொரு பொருளும் உண்டு. பிரிவினால் தலைவியின் மேனியில் படரும் பசலையின் நிறம் அப்பூவின் நிறத்தோடு ஒப்பிடப்படும். குறுந்தொகையின் 98ஆம் பாடலில், தலைவி தன் தோட்டத்துப் புதரில் மழைக்காலத்தில் தழைத்த பீர்க்கின் பூக்கள் சிலவற்றை எடுத்துச் சென்று தலைவனிடம் தன் நிலையைச் சொல்வார் இருப்பின் நன்று என்கிறாள். அங்குப் பூவே தூதின் சான்றாகிறது. இம்மரபை அறிந்த வாசகர்க்கு நெடுநல்வாடையின் தொடக்கத்துப் பீர்க்கம்பூ வெறும் பருவக்குறிப்பாக நின்றுவிடாது. பின்னால் காட்டப்படவுள்ள பெண்ணின் மேனியை அது முன்கூட்டியே நினைவூட்டுகிறது. சுவரில் எழுதப்பட்ட கொடிக்கு இத்தகைய பெயர் எதுவும் சூட்டப்படவில்லை. முசுண்டை, பீர்க்கு எனத் தாவரப்பெயர் கூறத் தெரிந்த புலவர், சுவரோவியத்தில் கொடி என்னும் பொதுப்பெயரோடு அமைகிறார். எந்த நிலத்திலும் எந்தப் பருவத்திலும் பூக்காத கொடிக்குப் பெயர் இருத்தற்கில்லை.

4. பூவும் பொழுதும்

வாழும் பூவுக்கும் எழுதிய பூவுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு பொழுதைச் சார்ந்தது. இதனை நக்கீரர் பாட்டிற்குள்ளேயே நிறுவுகிறார். கார்மேகம் ஞாயிற்றை மறைத்தமையால் ஊரில் மாலைப்பொழுது புலப்படவில்லை. மகளிர் பூந்தட்டில் இட்டு வைத்த பித்திகையின் அரும்புகள் இதழ் விரிந்து மணம் கமழ்ந்ததைக் கொண்டே பொழுதை அறிந்து விளக்கேற்றித் தொழுகின்றனர். பித்திகையும் கொடியில் பூப்பதே. கொய்யப்பட்டுத் தட்டில் கிடந்தபோதும் அது பொழுதை அறியும். தான் அறிந்ததை மணத்தால் அறிவிக்கும்.

அதே பகுதியில் மனைப்புறாவின் நிலையும் சொல்லப்படுகிறது. சேவல் தன் பெடையோடு இரைதேடச் செல்லாமல், இரவென்றும் பகலென்றும் அறியாது மயங்கிக் கால் மாற்றி மாற்றி இருக்கிறது. காலக்கணக்கை இழத்தல் என்னும் கருத்து இவ்வாறு மெல்ல நுழைகிறது. மறுபுறம், அரண்மனை எழுப்பப்பட்ட முறையைக் கூறுமிடத்தில், நூலறிவுடையோர் கோல் நட்டு, ஞாயிறு உச்சியில் நின்ற நண்பகற்பொழுதை நிழலால் துல்லியமாகக் கணித்துக் கயிறிட்டு மனை வகுத்த செய்தி விளக்கப்படுகிறது. அரண்மனை பிறந்த கணம் நிழலளவுக்குத் துல்லியமாக அறியப்பட்டது. அதன் உள்ளறையில் இருப்பவளுக்கோ பொழுதை அளக்க எதுவுமில்லை.

சுவரில் எழுதிய பூக்கள் எப்போதும் மலர்ந்தேயிருப்பவை. அவை அரும்புவதில்லை, ஆகவே மாலை வந்ததென்று சொல்வதில்லை. உதிர்வதில்லை, ஆகவே பருவம் கழிந்ததென்றும் சொல்வதில்லை. தலைவன் குறித்த பருவம் வந்ததா, கழிந்ததா என்று பூவைப் பார்த்து உணரும் முல்லைத்திணைத் தலைவிக்கு இருக்கும் சிறு ஆறுதல்கூட இவ்வரசிக்கு இல்லை. காத்திருப்போர்க்கு வாடும் பூவைவிட வாடாத பூவே கொடியதாக அமையக்கூடும். வாடை நெடிதானமைக்கு இந்தக் காலமற்ற அறையும் ஒரு காரணமாகும்.

5. வளைந்த கொடியும் கருவின் பெயரும்

கட்டடத்தைச் சூழ்ந்து வளரும் ஒற்றைக் கொடி என்பது இந்தியக் கலைமரபில் தொன்மையானது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் பார்ஹுத் தூபியின் கல்வேலி 1873இல் அலெக்சாண்டர் கன்னிங்காமால் கண்டறியப்பட்டது. எஞ்சிய பகுதிகள் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவ்வேலியின் மேற்கல்லில் தாமரைக்கொடி அலையலையாக நெளிந்து தொடர்கிறது. கொடியின் வளைவுகளுக்கிடையே கனிகளும் அணிகலன்களும் புத்த சாதகக் கதைக் காட்சிகளும் செதுக்கப்பட்டுள்ளன. அஜந்தாக் குகைகளின் கூரைகளிலும் பூங்கொடி வேலைப்பாடுகள் நிறைந்துள்ளன. வளத்தையும் மங்கலத்தையும் குறிப்பதே இவ்வகைக் கொடிகளின் பொதுப்பொருள். நெடுநல்வாடைக் கொடியும் இம்மரபோடு உறவுடையது என்பதை மறுத்தற்கில்லை. நக்கீரரும் அதனை மங்கலத்தோடு இணைத்தே, கருவின் பெயர்கொண்ட இல்லத்தில் வைக்கிறார்.

அவ்வில்லத்தின் ஏனைய பொருள்களும் இதே திசையில் இயங்குகின்றன. வாயிலின் மேல்மரத்தில் மலர்ந்த குவளையும் பிடியும் அமைந்துள்ளன. யானைக்கோட்டால் இயன்ற கட்டிலின் கால்கள் சூல்முதிர்ந்த மகளிரின் மார்பை ஒத்த குடங்களையுடையன. மெத்தையில் துணையோடு கூடிய அன்னத்தின் தூவி பரப்பப்பட்டுள்ளது. படுக்கை விரிப்பிலோ காட்டு முல்லையை ஒத்த பூக்கள் நிறைந்துள்ளன. அறை முழுவதும் இணைவையும் கருவுறுதலையும் பேசுகிறது. ஆனால் அந்த அறைக்குள் நுழையும் உரிமை பெற்ற ஒரே ஆடவன் அங்கில்லை.

பார்ஹுத் கொடி அணிகலன்களைத் தருவது. நெடுநல்வாடையின் அரசியோ அணிகலன்களைக் களைந்திருப்பவள். முத்தாரம் தாங்கிய மார்பில் இப்போது தாலி மட்டுமே கிடக்கிறது. பொற்றொடி கிடந்த கையில் சங்கு வளையும் காப்புநாணும் உள்ளன. மங்கலக்கொடி சுற்றி வளைத்திருக்க, அதன் நடுவில் மங்கலத்தின் பயன் நிகழாமல் நிற்கிறது. 'ஒரு' என்னும் அடையை ஒப்பற்ற என்று கொள்வதும் பொருந்தும். எண்ணுப்பொருளில் ஒற்றை என்று கொள்வதும் பொருந்தும். இரண்டாவது பொருளைக் கொண்டால், இணைகளால் நிறைந்த அவ்வறையில் தனித்தவை இரண்டே: சுவரில் படர்ந்த கொடி, கட்டிலில் கிடக்கும் அரசி.

6. வண்ணம் தீட்டாத ஓவியம்

சுவரோவியத்தைத் தொடர்ந்து பாட்டில் மேலும் இரு ஓவியங்கள் வருகின்றன. ஒன்று உவமை, மற்றொன்று விதானம்.

நறுமணப் பூச்சும் நல்லாடையும் நீத்து மாசேறிய உடையோடு கிடக்கும் அரசியை நக்கீரர் புனையப்படாத ஓவியத்தோடு ஒப்பிடுகிறார். வண்ணங்கொண்டு எழுதாது வடிவை மட்டும் கோடாக வரைந்த சித்திரம் என்பது நச்சினார்க்கினியர் தரும் விளக்கத்தின் கருத்து. இந்த உவமை எங்கிருந்து வருகிறது? வண்ணம் தீட்டி முடிக்கப்பட்ட ஓவியம் ஒன்றை அதே அறையின் சுவரில் காட்டிய பின்னரே இது வருகிறது. முடிவுற்ற ஓவியத்தின் முன்னிலையில்தான் முடிவுறாத ஓவியத்தின் வெறுமை முழுமையாகத் தெரியும். சுவருக்குக் கிட்டிய வண்ணம் அரசிக்குக் கிட்டவில்லை.

தொடர்ந்து வரும் வருணனையில் அரசியின் மேனி தளிரோடும், தோள் மூங்கிலோடும், மார்பு அரும்போடும் ஒப்பிடப்படுகின்றன. இவை மரபான உவமைகளே. ஆயினும் முத்தாரம் பூண்டிருந்த நிலையைச் சுட்டுமிடத்தில் மலர்ச்சியைக் குறிக்கும் சொல்லையும், தற்போதைய நிலையைக் கூறுமிடத்தில் அரும்பைக் குறிக்கும் சொல்லையும் புலவர் ஆண்டிருப்பது கவனத்திற்குரியது. உயிரற்ற சுவரில் கொடி முழுமையாகப் பூத்திருக்கிறது. உயிருள்ள பெண் தளிராகவும் அரும்பாகவும் ஒடுங்கியிருக்கிறாள். ஒரு சொல்லாட்சியின் மீது அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றுதல் கூடாது. எனினும் முன்னர் நிறுவப்பட்ட வரிசையோடு இது முரணின்றிப் பொருந்துகிறது.

மூன்றாவது ஓவியம் மெழுகு பூசிய விதானத்துணியில் எழுதப்பட்டது. ஞாயிறு மேடம் முதலிய இராசிகளில் இயங்கும் வானமும், திங்களை விட்டுப் பிரியாத உரோகிணியும் அதில் உள்ளன. அரசி தன் பெருமூச்சை வெளிப்படுத்துவது இவ்வோவியத்தை நோக்கியே. பாட்டில் அரசி ஓர் ஓவியத்தைப் பார்ப்பதாகச் சொல்லப்படும் ஒரே இடம் இதுவாகும். சுவர்க்கொடியை அவள் பார்த்ததாக நக்கீரர் கூறவில்லை. கொடி அவளைச் சூழ்ந்திருக்கிறது. உரோகிணியோ அவளோடு பேசுகிறது. முதலாவது அவளது நிலை. இரண்டாவது அவளது ஏக்கம். தான் இருக்கும் நிலையை ஒருவர் கண்ணால் காண்பதில்லை என்னும் உளவியல் உண்மை இவ்வமைப்பில் அடங்கியிருக்கிறது.

7. ஓர் ஐயமும் விடையும்

இவ்வாய்வு முறையின் மீது ஓர் ஐயம் எழுப்பப்படலாம். அரண்மனைச் சிறப்பைக் கூறுவது ஆற்றுப்படை முதலிய பாட்டுகளிலும் காணப்படும் பொதுவழக்கு. அவ்வழக்கின்படி கூறப்பட்ட ஓர் அணியை இவ்வளவு நுணுகிப் பொருள் காண்பது மிகையாகாதா என்பது அவ்வையம். இது புறக்கணிக்கத்தக்கதன்று.

விடை பாட்டின் இறுதிப்பகுதியில் கிடைக்கிறது. பாசறையில் அரசன் நள்ளிரவிலும் துயிலாமல், வாள் வடுப்பட்ட வீரரைக் காண்பதற்காகத் தெருவில் திரிகிறான். வாடையில் விளக்குச்சுடர் தென்திசை சாய்ந்து எரிகிறது. துதிக்கை துணிக்கப்பட்ட யானைகளை வீழ்த்திய வீரரின் புண்களைப் படைத்தலைவன் ஒருவன் காட்டிவருகிறான். அங்குச் சுவரில்லை, சுவரில் எழுதிய கொடியும் இல்லை. பூ என்று கூறத்தக்கது அவ்வேலின் தலையில் கட்டப்பட்ட வேம்பு மட்டுமே. பாண்டியரின் அடையாளப்பூவாகிய அவ்வேம்பைக் கூறியதனாலேயே, அகம் போலத் தோன்றும் இப்பாட்டு புறமாயிற்று என்பது உரைமரபு.

எனவே ஒரு பூ பாட்டின் திணையையே மாற்ற வல்லது என்னும் கருத்தை உரையாசிரியர் காலம் முதலே தமிழ்க் கல்வியுலகம் ஏற்றுவந்துள்ளது. வேலின் மேல் கட்டிய பூவுக்கு அத்துணை ஆற்றல் உண்டெனில், அரசியின் சுவரில் எழுதிய பூக்களை வெறும் அணியென ஒதுக்குவதற்கு நியாயமில்லை. வேம்பு போரின் பக்கம் நின்று பாட்டைப் புறமாக்குகிறது. சுவர்க்கொடி அரசியின் பக்கம் நின்று அதே பாட்டை அகமாகவே வைத்துக்கொள்ள முயல்கிறது. நெடுநல்வாடையின் திணைச் சிக்கல் இவ்விரு பூக்களுக்கிடையே நிகழ்கிறது எனின் அது மிகையாகாது.

முடிவுரை

நெடுநல்வாடையின் பூங்கொடி ஓவியம் பண்டைத் தமிழரின் ஓவியத்திறனுக்குச் சான்றாவது உண்மை. ஆனால் அதன் பணி அத்துடன் முடிவதில்லை. புதரில் பூத்த கொடி, தட்டில் விரிந்த பித்திகை, சுவரில் எழுதிய கொடி, விரிப்பில் நிரைத்த முல்லை, வேலில் கட்டிய வேம்பு என்னும் தொடரில் அது ஒரு கண்ணியாகும். வாழும் பூக்கள் பொழுதை அறிவிக்க, எழுதிய பூக்கள் பொழுதை நிறுத்திவிடுகின்றன. நிறுத்தப்பட்ட பொழுதின் நடுவில் அரசி, வண்ணம் பெறாத ஓவியமாகக் கிடக்கிறாள்.

2014ஆம் ஆண்டு தொடங்கிய கீழடி அகழாய்வு வைகைக் கரையில் செங்கற் கட்டுமானங்களை வெளிக்கொணர்ந்துள்ளது. எதிர்கால அகழாய்வில் வண்ணம் பூசிய சுவர்த்துண்டு ஒன்று கிடைப்பின், சங்ககால ஓவியத்தின் நிறமும் கோடும் தெரியவரலாம். அச்சுவருக்குள் இருந்தவளுக்கு அவ்வோவியம் என்னவாக இருந்தது என்பதை மட்டும் அத்துண்டு தெரிவிக்காது. அதனை அறிவதற்குப் பாட்டையே நாடவேண்டும். சங்கப்பாட்டின் கலைக்குறிப்புகளைத் தொகுக்கும் பணியோடு, அவற்றை அவற்றின் இடத்திலேயே வைத்து வாசிக்கும் பணியும் இணைந்து நிகழ்தல் இன்றியமையாததாகும்.